துரைசாணி முட்டையிட்டால் கல்யாணம்

அப்பாவைத் தனியாக ஏலத்துக்கு அனுப்பியது அம்மா செய்த தவறு. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுக் கப்பலேறுவது அப்போது வழக்கம். அப்பாவின் மேலதிகாரி போகிறார், அவர் பங்களாவில் நல்ல தையல் மெஷின் ஒன்று இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அதே பேச்சாகச் சொல்லிச் சொல்லி அப்பாவை அனுப்பிவைத்தாள். சாயங்காலம் அவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மடியில் மெஷின் இல்லை, ஒரு பித்தளைக் கூண்டு இருந்தது. உள்ளே எலுமிச்சம்பழ நிறத்தில் இரண்டு குருவிகள்.

"கேனரி, பிலோமினா! சீமைக் குருவி. துரை பங்களாவுல என்னமா பாடுச்சு தெரியுமா?"

"இது எனக்கு ரவிக்கை தைக்குமா?" என்றாள் அம்மா.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. குருவிகளும்தான்.

முப்பத்தாறாம் வருஷம் நடந்த கதை இது. பிரிக்பீல்ட்ஸ் ரெயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு. என் அப்பா ஸ்டானிஸ்லாஸ் கூட்ஸ் ஷெட்டில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தார். நான் டோரிஸ், அவருக்கு ஒரே மகள். வாய் கொஞ்சம் நீளம் என்று அந்த வரிசை முழுக்க எனக்குப் பெயர். அதில் பொய்யில்லை, அதனால் நான் மறுத்ததும் இல்லை.

அப்பா குருவிகளுக்குப் புனிதர்கள் பெயராகச் சூசை என்றும் மரியாள் என்றும் பெயர் வைக்கப் பார்த்தார். அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அந்த யோசனையைக் கைவிட்டார். துரை வீட்டிலிருந்து வந்தவை என்பதால் ஆண் குருவி துரை ஆயிற்று, பெண் குருவி துரைசாணி ஆயிற்று.

அடுத்த மாதமே என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை மாரிஸ், கிள்ளான் ஸ்டேஷனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வந்து பாட்டுக் குழுவில் நின்று பாடுவார். குரல் சுமார்தான். ஆனால் பாடும்போது அந்தக் கண் எந்தப் பக்கம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், கோயிலில் பாதிப் பேருக்கும் தெரியும். அவருடைய அம்மா மகதலேனா வெற்றிலைத் தட்டை நீட்டி, தேதி எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார்.

"துரைசாணி முட்டையிடட்டும். அன்னிக்கே தேதி குறிக்கறேன். இது ஸ்டானிஸ்லாஸ் சொன்ன வார்த்தை" என்றார்.

வந்தவர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் அம்மாவும் சிரிக்கவில்லை. அப்பா ஒரு முறை முடிவெட்டுபவரோடு சண்டை போட்டு, இனி உன் கடைப் படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். தலை முழுக்க வழுக்கையாகும் வரை அம்மாவின் தையல் கத்தரிக்கோலுக்குத்தான் தலையைக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

முதலில் எனக்குக் கவலையே இல்லை. பங்களாவில் அந்தக் குருவிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன என்று அப்பாவே சொல்லியிருந்தார். இங்கே மட்டும் என்ன கேடு? அவித்த முட்டை மஞ்சள்கரு கொடுத்தேன். கீரை கொடுத்தேன். பெட்டாலிங் தெருச் சீனர் கடையில் விதை வாங்கிப் போட்டேன். தேங்காய்ச் சிரட்டையில் பஞ்சு வைத்துக் கூடு கட்டிக் கொடுத்தேன். துரைசாணி அந்தச் சிரட்டைக்குள் எச்சம் போட்டாள். துரை வாயையே திறக்கவில்லை. இரண்டும் தின்று தின்று குண்டாகிக்கொண்டு வந்தன, அவ்வளவுதான்.

செப்டம்பரில் மாரிஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வடக்கே வெகு தூரத்தில், கிளந்தானில் கோலக்கிராய். புது வருஷம் பிறந்ததும் போய்ச் சேர வேண்டும், மூன்று வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. பூசை முடிந்து கோயில் படியில் நின்று அவர் இதைச் சொன்னபோது நான் விரல் விட்டு ஞாயிறுகளை எண்ண ஆரம்பித்தேன். எங்கள் ஆட்களில் நினைத்த நாளில் கல்யாணம் வைத்துவிட முடியாது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று. கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னால் ஆகமன காலம் தொடங்கிவிட்டால் அது முடியும் வரை கல்யாணமே கிடையாது. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவர் மூட்டை கட்டியாக வேண்டும். ஆகவே நவம்பருக்குள் முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் மூன்று வருஷம் நான் இங்கே, அவர் அங்கே.

"நான் என்ன செய்யட்டும் டோரிஸ்? அந்தக் குருவி கால்ல விழட்டுமா?" என்றார் மாரிஸ்.

"நீங்க விழ வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். "வார்த்த வார்த்ததான்லா" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த வாரம் பாசாரில் காய்கறி வாங்கும்போது வீரம்மாவைப் பார்த்தேன். துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரை போன பிறகு வேறு வீட்டில் வேலை. குருவிகள் சுகமா என்று கேட்டார்.

"நல்லாத் திங்குதுங்க அக்கா. பாட்டும் இல்ல, முட்டையும் இல்ல."

"அட! பங்களாவுல அதுங்க வாய மூட வைக்க முடியாதே. சீட்டு ஆட வர்ற துரைங்கல்லாம் காதப் பொத்திக்குவாங்க."

"சீட்டு ராத்திரியில தானே ஆடுவாங்க?"

"ஆமா, பத்து மணி வரைக்கும். கூண்டு அந்த மேசைக்குப் பக்கத்துலதான் இருக்கும். தலைக்கு மேல அம்மாம் பெரிய லைட்டு."

கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடையில் போடாமல் அப்படியே நின்றேன். எங்கள் வீட்டில் சாயங்காலக் கோயில் மணி அடித்ததும் அப்பா முதலில் செய்யும் வேலை, தடித்த கறுப்புத் துணியால் கூண்டை மூடுவது. மெர்போக் என்னும் சிறு புறா வளர்க்கும், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பாக் டின் அப்படித்தான் செய்கிறாராம், பறவை வளர்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். பிறகு ஜெபமாலை. எட்டு மணிக்கு லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கை. பங்களாவில் பத்து மணி வரை வெளிச்சம், இங்கே ஆறரைக்கே இருட்டு. வேறு என்ன வித்தியாசம்? தீனி அதேதான், கூண்டும் அதேதான்.

நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? பறவை வளர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கம் நடக்கும், துணி இன்னும் இறுக்கமாக விழும். ஆகவே நான் அப்பாவிடம் போகவில்லை. மாதாவிடம் போனேன். அதாவது, பங்குச் சாமியாரிடம்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் குவாட்டர்ஸில் மாதா சுரூபத்தை நாளுக்கு ஒரு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் ஜெபமாலை சொல்வார்கள். "சாமி, மழைக்காலம். சுரூபம் தினம் நனையுது. மாசம் முழுக்க எங்க வீட்டுலயே வைக்கலாமே" என்றேன். பிரெஞ்சுக்காரரான சாமியார் என் பக்தியில் உருகிப்போனார். அடுத்த ஞாயிறு பூசையிலேயே, இந்த வருஷம் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் என்று அறிவித்துவிட்டார். அப்பாவால் என்ன செய்ய முடியும்? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துணிதான் பாக்கி. சுரூபம் வந்த அன்று மேசைமேல் விரிக்க நல்ல துணி இல்லையே என்று அம்மா அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். நான் கூண்டுத் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரத்தில் வெள்ளை லேஸ் வைத்துக் கையாலேயே தைத்து, மேசைமேல் விரித்து, அதன்மேல் மாதாவை எழுந்தருளப் பண்ணிவிட்டேன். மணி அடித்தது. அப்பா துணியைத் தேடினார். கூண்டைச் சுற்றி வந்தார். கடைசியில் மாதாவின் பாதத்துக்குக் கீழே அதைப் பார்த்துவிட்டார்.

"அது என் துணிலா, டோரிஸ்."

"எடுத்துக்குங்க அப்பா. மாதாவ நீங்களே தூக்கி எறக்கி வச்சிட்டு எடுத்துக்குங்க."

அப்பா சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அந்த மாதம் எங்கள் வீடு கல்யாண வீடாகவே இருந்தது. ஏழு மணிக்கு வரிசை முழுவதும் வந்துவிடும். ஜெபமாலை, பிறகு மன்றாட்டு, பிறகு பாட்டு, பிறகு காப்பி. காப்பி வந்தால் கதை வரும். ரெயில்வேக்காரர்கள் கதை பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருப்பார்களா? பத்து மணி வரை கூடத்து லைட்டு எரியும். கூண்டு அதற்கு நேர் கீழே. சனிக்கிழமைகளில் மாரிஸும் அவர் அம்மாவும் கிள்ளான் ரெயிலில் வருவார்கள். எல்லோரும் போன பிறகு நான் கூண்டுக்குப் பக்கத்தில் போய், "பாடு துரை, பாடேன்" என்று கொஞ்சிவிட்டு லைட்டை அணைப்பேன்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள், "விண்ணகத்தின் வாசலே" என்றதற்கு நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லி முடிப்பதற்குள், மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. ட்ர்ர்ர் என்று ஆரம்பித்து, குழைந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. துரை கழுத்தை உப்பிக்கொண்டு பாடினான். மன்றாட்டு அதோடு நின்றுபோனது. எல்லோரும் முழந்தாளில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தார்கள். சந்தோஷத்தில் என் ஜெபமாலை நழுவிக் கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. துரைசாணியும் சும்மா இருக்கவில்லை. மாதாவுக்குப் போட்ட மாலையிலிருந்து ஒரு நூல் கூண்டுக்குள் விழுந்திருந்தது. அதை அலகில் கவ்விக்கொண்டு இங்குமங்கும் அலைந்தாள். சிரட்டைக்குள் போய் உட்கார்ந்து உடம்பை ஆட்டிப் பள்ளம் பண்ணினாள்.

"புதுமை! மாதா செஞ்ச புதுமை!" என்று மகதலேனா ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் ஆமாம், அற்புதம்தான் என்றேன். லைட்டைப் பற்றி நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

திறந்தது சாமியார். மூன்றாவது வாரம் சனிக்கிழமை ஜெபமாலைக்கு வந்தவர், குருவியின் பாட்டைக் கேட்டதும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கூண்டையும் லைட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது?" என்றார். அவர் பாண்டிச்சேரியில் தமிழ் படித்தவர், புத்தகம் மாதிரித்தான் பேசுவார்.

"பத்து மணி வரைக்கும் சாமி" என்றாள் அம்மா.

"அதுவே காரணம்! கேளுங்கள். என் தேசத்தில் குளிர்காலத்தில் பகல் குறுகிவிடும். வசந்தம் வரும்போது பகல் நீளும். நீண்ட பகலைக் கண்டதும் பறவையின் மூளை, 'வசந்தம் வந்தது, எழுந்திரு' என்று உடம்புக்குச் சொல்கிறது. மூளைக்கு அடியில் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அது விழித்துக்கொண்டால் ஆண் பாடும், பெண் முட்டையிடும். இங்கேயோ வருஷம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பாவம், இந்தக் குருவிகளின் மூளை வசந்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த விளக்குதான் அவற்றுக்கு வசந்தம்."

"ராத்திரியில கண்ணு கூசாதா சாமி?" என்று கேட்டார் மகதலேனா ஆன்டி.

"கண் மட்டும் அல்ல அம்மா. எங்கள் ஊர்ப் பண்டிதர் ஒருவர் வாத்துகளை வைத்துச் சோதித்திருக்கிறார். கண்ணுக்கு ஒளி எட்டாமல் செய்தாலும் வாத்துக்கு வசந்தம் வந்துவிட்டதாம். தலைக்குக் கறுப்புத் தொப்பி போட்டால்தான் வரவில்லை. ஒளி மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் நேரே போகிறது."

அப்பா தன் வழுக்கைத் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். கூடமே சிரித்தது. மகதலேனா ஆன்டிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது.

"அப்ப மாதா ஒண்ணும் செய்யலியா சாமி?"

"விளக்கை யாருக்காக ஏற்றினீர்கள்? மாதாவுக்காகத்தானே?" என்று சாமியார் காப்பியை எடுத்துக்கொண்டார்.

நான் என் காப்பியைக் கீழே வைத்தேன். மூளையாம், சுரப்பியாம்! இத்தனை நாள் மூடி வைத்த விஷயத்தை அப்பாவுக்கு முன்னால் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டாரே. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியை நான் ஏன் எடுத்தேன் என்று இப்போது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு துணி போனால் கடையில் இன்னொன்று கிடைக்காதா?

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து தாமதமாக வந்தார். கக்கத்தில் காகிதப் பொட்டலம். நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"அது என்ன?"

"வழி விடு."

"துணி வாங்கிட்டு வந்தீங்களா? சொல்லுங்க. என் கல்யாணத்துக்குப் போடற துணியா அது?"

அப்பா என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கூடத்து பல்பைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து வேறொரு பல்பை எடுத்து மாட்டினார், முன்பிருந்ததைவிடப் பெரியது. ஸ்விட்சைப் போட்டதும் வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. துரை திடுக்கிட்டு இறக்கையை அடித்துக்கொண்டான்.

"வர்றவங்களுக்கு ஜெபப் புஸ்தகம் தெரிய மாட்டேங்குது" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

அவர் மனம் மாறியதா, பக்தி முற்றியதா என்று புரியவில்லை. கேட்கப்போய்க் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

மாதம் முடியுமுன் ஒரு காலையில் அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தார்கள். சிரட்டைக்குள் வெளிர் நீலத்தில், பழுப்புப் புள்ளி வைத்து, சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு முட்டை. துரைசாணி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எங்களை முறைத்தாள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். தடியோடு வந்தவர்களுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தோம்.

அப்பா கோட்டைப் போட்டார், டை கட்டினார், வேலைக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த கிள்ளான் ரெயிலைப் பிடித்தார். மத்தியானம் திரும்பி வந்தார். "வர்ற ஞாயிறு மொத ஓலை. ஆகமனத்துக்கு முன்னால புதன்கிழமை கல்யாணம்" என்றார். டையைக்கூட அவிழ்க்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்த கர்வமும் சேர்ந்துகொண்டது. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்படி அப்பா என் மூளை? சாமியார் சொல்றதுக்கு முன்னாடியே லைட்டுதான்னு கண்டுபிடிச்சேன்."

"எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏலத்தன்னிக்கே துரை சொல்லித்தான் குடுத்தார். ராத்திரி பத்து வரைக்கும் வெளிச்சம் இருக்கணும், மூடி வச்சா முட்டை வராதுன்னு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அப்ப வேணும்னேதான் மூடினீங்களா? பாக் டின் சொன்னாருன்னதெல்லாம்?"

"பாக் டின் புறாவுக்குச் சொன்னார்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "மாரிஸ் நல்ல பையன்தான். ஆனா ரெயில்வே பையன். இன்னிக்குக் கிள்ளான், நாளைக்கு எங்க தூக்கிப் போடுவாங்களோ. இருக்கறது நீ ஒருத்தி. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தள்ளிப் போகட்டுமேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு பல்பு மாட்டினீங்க?"

"தெனம் ராத்திரி நீ கூண்டுகிட்ட நின்னு, பாடு துரை, பாடுன்னு கெஞ்சுவே. நான் படுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு பொண்ணு ஒரு குருவிகிட்டக் கெஞ்சற மாதிரி நான் வச்சுட்டேனேன்னு இருக்கும். துணி வாங்கணும்னு ரெண்டு தடவ கடைக்குப் போனேன், டோரிஸ். மொதத் தடவ வெறுங்கையோட வந்தேன். ரெண்டாவது தடவ பல்பு வாங்கிட்டு வந்தேன்."

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் நின்றேன். வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது. அவர் கோட்டின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார், டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கோலக்கிராய்க்கு ரெயில் போகுது அப்பா. கிராணிக்குப் பாஸ் உண்டு. நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்."

"கேட்டாச்சு."

"என்ன கேட்டாச்சு?"

"ஜனவரிக்குப் பாஸ் கேட்டாச்சு. எனக்கும் உங்கம்மாவுக்கும். நீங்க போற அதே ரெயில்தான்."

உள்ளே அம்மா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பது கேட்டது. எனக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, இதை மாரிஸிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.